வேட்டைக் கத்திக்குப் புதுப் பிடி

வேட்டைக் கத்தியின் பிடி ஆடுகிறது, சரிசெய்து தர வேண்டும் என்று வந்தவன் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். கணவன் சந்தைக்குப் போயிருந்ததால் இருளாயி தனியாக இருந்தாள். ஆணியைத் தட்டி எடுத்து, வெடித்திருந்த மரப்பிடியைப் பிரித்தாள். உள்ளே காய்ந்த ரத்தத்தோடு நீளமான முடிக்கற்றை ஒட்டியிருந்தது. அதில் பூத்தொடுத்த வாழைநார் சிக்கியிருந்தது. "என்னம்மா, கை நின்னுடுச்சு?" என்றான். "ஒண்ணுமில்லண்ணே, பன்னி முடி." "ஆமா, பன்னி முடிதான்" என்று சிரித்தபடி எழுந்து உள்ளே வந்தான். "வீட்டுக்காரர் எங்க?" "பின்னால குளிக்கிறாரு. இப்ப வந்திருவாரு." அவன் காது கொடுத்துக் கேட்டான். தண்ணீர்ச் சத்தம் எதுவும் வரவில்லை. இருளாயி புதுப் பிடியைப் பொருத்தி ஆணி அடித்தாள். பிறகு சாணைக் கல்லில் கத்தியைத் தீட்டத் தொடங்கியவள், அது முடியைப் பிளக்கும் கூர்மைக்கு வந்த பிறகும் நிறுத்தாமல் தீட்டிக்கொண்டே இருந்தாள். "போதும், குடு" என்று அவன் கையை நீட்டினான். யாருக்குக் கத்தி கொடுத்தாலும் பிடியை அவர்கள் பக்கம் திருப்பிக் கொடுப்பதுதான் அவள் வழக்கம். அன்று அவள் திருப்பவில்லை.