மீதியையும் எழுத வேண்டும்

ஒன்பதாவது கணக்கும் தப்பு.

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தாள். 9/4 என்று எழுதிக் கொடுத்திருந்தாள். எதிரே அவன் 2 என்று போட்டிருந்தான். 17/5க்கு 3. 23/7க்கும் 3. எல்லாவற்றிலும் முழு எண் சரி. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

அவன் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயது ஆள். டீச்சரிடம் நோட்டை நீட்டிய பிள்ளை மாதிரி முழி.

சனிக்கிழமை சென்னையில் அவனுக்கு வெளிநாட்டு வேலைக்கான ட்ரேட் டெஸ்ட். காலையில் பைப் வேலை செய்து காட்ட வேண்டும். அதில் அவனுக்குப் பயமில்லை. இந்தத் தெருவில் பாதி வீட்டில் தண்ணீர் வருவது அவன் கைபட்டுத்தான். மத்தியானம் தாளில் எழுத வேண்டும். போன முறை அதில்தான் கோட்டை விட்டான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். பின்னத்தைப் பார்த்ததும் பேனாவே ஓடவில்லையாம்.

இந்த முறையும் போனால், ஏஜென்ட் மறுபடி கூப்பிட மாட்டான்.

அவள் பன்னிரண்டு வரை படித்தவள். மூன்று வாரமாக, மத்தியானம் அவன் சாப்பிட வரும்போது, கைக்குழந்தை கனிஷ்கா தூளியில் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அவள்தான் சொல்லித் தருகிறாள். இன்றைக்குத் தகா பின்னத்தைக் கலப்புப் பின்னமாக்கும் பாடம்.

தேறினால் கத்தார். இருபத்தேழு மாதம். நடுவில் லீவு கிடையாது.

யார் கேட்டாலும், "ரெண்டு வருஷம்தாங்க, ஓடிப்போயிடும்" என்கிறான்.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடமும்தான்.

"எல்லாம் சரியா?" என்று கேட்டான்.

அவள் முதல் கணக்கின் மேல் பேனா முனையை வைத்தாள்.

சரி என்று ஒரு கோடு இழுத்தால் போதும். ஒன்பதுக்கு ஒன்பது என்று சிரித்துக்கொண்டே ரயில் ஏறுவான். தொங்கிய முகத்தோடு திரும்பி வருவான். நாலு நாள் சரியாகச் சாப்பிட மாட்டான். பிறகு இங்கேயே இருப்பான். பிள்ளை எழுந்து நிற்பதை, நடப்பதை, அப்பா என்று கூப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பான்.

பேனா வைத்த இடத்தில் சிவப்பு ஊறிப் புள்ளியானது.

"மீதி எங்கங்க?" என்றாள்.

"எந்த மீதி?"

"ஒன்பதுல நாலு ரெண்டு தடவை போவுது. சரி. ஒன்னு நிக்குதுல்ல, அது எங்க?"

"அது துண்டுல்ல?" அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "கால் கால் துண்டா ஒன்பது கிடக்கு. ரெண்டு முழு பைப்பு ஆச்சு. இன்னொரு துண்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? மூலையில தூக்கிப் போட்டுட்டு வர வேண்டியதுதான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வருடம் பைப் அறுத்தவன் வேறு எப்படிக் கணக்குப் போடுவான். சிரித்து முடித்தபோது அவன்மேல் ஆசை ஆசையாக இருந்தது. இந்த நேரத்தில் அது வந்துதான் ஆக வேண்டுமா என்றும் இருந்தது.

"பரீட்சையில துண்டையும் எழுதணும். ரெண்டு போட்டு, பக்கத்துல ஒன்னு பை நாலு."

"ரெண்டேகாலு?"

"அதேதான்."

"அட, ரெண்டேகால் இஞ்சு! இதைத்தான் இவ்வளவு சுத்தி வளைச்சு எழுதி வச்சிருக்கானுவளா?"

அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. நோட்டைப் பிடுங்கி எல்லாவற்றையும் திருத்தினான். மூன்று, பக்கத்தில் இரண்டு பை ஐந்து. மூன்று, பக்கத்தில் இரண்டு பை ஏழு. அவள் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டாள். மனசில்லாமல்தான் போட்டாள். ஆனால் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

பக்கத்தின் அடியில் ஒரு கணக்குக்கு இடம் இருந்தது. அவள் யோசிக்காமல் எழுதினாள். எழுதிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள்.

27/12.

அவன் குனிந்து வகுத்தான். 2 என்று எழுதினான்.

பென்சில் நின்றது.

"மிச்சம் மூணு. அதையும் எழுதணும்ல?"

"எழுதணும். அந்த மூணு மாசமும் இருக்குல்ல."

மாசம் என்று சொல்லியிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.

அவன் தலையைத் தூக்கவில்லை. இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று பை பன்னிரண்டு என்று மெதுவாக எழுதினான். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூளி ஒருமுறை அசைந்து நின்றது.

"ரெண்டேகால் வருஷம்" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நாள் அழாதவள் இப்போதா அழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் இடது கை வந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. சொரசொரப்பான கை. விடவில்லை.

"இது வேணாம்" என்றான். "மாசமாவே இருக்கட்டும்."

கலப்புப் பின்னத்தைத் திருப்பி மாற்றுவது எப்படி என்று அவள் இன்னும் சொல்லித் தரவில்லை. அது நாளைய பாடம்.

அவன் வலது கை எழுதியது. பன்னிரண்டை இரண்டால் பெருக்கியது. இருபத்துநான்கு. மூன்றைக் கூட்டியது. இருபத்தேழு. கீழே ஒரு கோடு போட்டு, அதன் அடியில் பன்னிரண்டு.

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

தேறிவிடுவான்.