மூடியில் டேப் ஒட்டிய டப்பா

"பையைத் திறங்க, தாக் அண்ணே."

மல்சூன் சத்தமாகவே சொன்னாள். ஷெட்டில் கார் விட வந்திருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

தாக் கை துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தார். சாப்பாட்டு டப்பா, கையுறை, அடியில் மூன்று கிரீஸ் டியூப். பிரேக்குக்குப் போடும் சிலிக்கான் கிரீஸ். போன வாரம் வந்த புதுச் சரக்கு.

"இது எப்படி உங்க பைக்குள்ள போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?"

தாக் பையைக் கீழே வைத்தார்.

"பன்னிரண்டு வருஷம் இந்த ஷெட்டுச் சோறு தின்னீங்க. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கிற நேரம் பார்த்துத்தானா கை நீளணும்?"

வீட்டுக்காரர் படுத்துப் பத்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ஷெட் அவள் தலையில். எது தீர்ந்துபோகிறது, யார் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தூக்கத்திலும் அதே நினைப்பு. சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு இன்னும் நான்கு நாள். சொந்த ஊருக்குக் கிளம்பும் முன் எல்லோரும் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிற நேரம் இது.

"கோடையிலிருந்தே இவர் சரியில்ல," என்றாள் மற்றவர்களைப் பார்த்து. "அந்த முட்டைக்காரன் குடிச்சுட்டு வண்டியைக் கணவாயில உருட்டினானே, அன்னையிலிருந்து ஒரு மாதிரிதான். ஞாயித்துக்கிழமையானா போனை எடுக்கறதில்ல. எங்க போறீங்க? வேற ஷெட்ல வேலையா?"

"முட்டைக்காரர் குடிக்கிற ஆள் இல்ல, முதலாளியம்மா."

"நான் கேட்டது அதையா? டியூபை வச்சுட்டுக் கிளம்புங்க. நாளைக்கு வர வேணாம்."

தாக் வேலை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாசல் வரை போனவர் நின்றார்.

"அலமாரியில இருக்கிற அந்த வெள்ளை டப்பாவை மட்டும் பிரேக்குக்கு எடுக்காதீங்க. மூடியில டேப் ஒட்டியிருக்கேன். எறிஞ்சிடுங்க."

"கிரீஸ்னா கிரீஸ்தான். வழவழன்னு இருந்தா போதாதா? போற போக்குல எனக்குப் பாடம் வேறயா?"

"ரப்பர் இருக்கிற இடத்துல அது ஆகாதும்மா. ரப்பர் ஊதிடும். பிரேக்குக்குள்ள நகர்ற பின் கம்பி இறுகி, பிரேக் விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். ஊருக்குள்ள ஓட்டுறப்போ தெரியாது. கணவாய் இறக்கத்துல சூடேறிப்போய், மிதிச்சாலும் வண்டி நிக்காது."

குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

நூடுல்ஸ் கடை போக்னாம் அதுவரை ஓரமாகத்தான் நின்றிருந்தாள். கையில் துணி சுற்றிய டப்பா. பைன் இலை பரப்பி அவித்த பண்டிகைக் கொழுக்கட்டை வாசம்.

"அக்கா, அவசரப்பட்டுட்டீங்க. இதை அவருக்குத்தான் கொண்டாந்தேன்."

"திருடனுக்குக் கொழுக்கட்டையா?"

"போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. எங்க வண்டியோட நாலு சக்கரத்தையும் கழட்டினாரு. பழைய கிரீஸைத் துடைச்சு, ஊதின ரப்பரை மாத்தி, இந்த டியூப்ல இருந்துதான் புதுசு போட்டாரு. எதுக்குன்னு கேட்டேன். 'மார்ச் மாசம் நான் செஞ்ச வேலை தப்பாப் போச்சு'ன்னாரு. தண்ணிகூடக் குடிக்கல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு கெஞ்சினாரு. 'வீட்டுக்காரரை நினைச்சே தூங்காம இருக்காங்க, இதுவும் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க'ன்னாரு. அவர் செஞ்ச தப்புக்கு நீங்க எதுக்குக்கா தாங்க மாட்டீங்க? அதுதான் எனக்குப் புரியல."

மல்சூன் அலமாரியைப் பார்த்தாள்.

வெள்ளை டப்பா. மேலே அவள் வீட்டுக்காரர் கையெழுத்தில் 'பிரேக்'.

மார்ச்சில் ஒருநாள் அது காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். கார் கதவுக் கீலுக்குப் போடுகிற கிரீஸும் வெள்ளைதானே என்று, அதை வழித்து இந்த டப்பாவில் நிரப்பிவிட்டுப் போனது அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. டப்பா மேல் இருந்த எழுத்தை நம்பித்தான் தாக் அதை எடுத்திருப்பார்.

ஆணியில் தொங்கிய அங்கியின் பையிலிருந்து மடித்த தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பிரித்தாள். வண்டி எண்கள். பதினேழு. பதினான்கின் மேல் கோடு அடித்திருந்தது. கடைசி இரண்டின் மேல் இன்னும் கோடு இல்லை.

அவள் மூன்று டியூபையும் அள்ளி போக்னாமின் கையில் திணித்தாள்.

"ஓடு. பஸ் ஸ்டாப்புக்குத்தான் போயிருப்பாரு. இன்னும் ரெண்டு வண்டி இருக்கு, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நிறுத்தணும்னு சொல்லு. நான்... நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

போக்னாம் தாளை எட்டிப் பார்த்தாள்.

"மூணுல்ல இருக்கு? முதல் நம்பர் மேலயும் கோடு இல்லையே. சுத்திக் கறுப்பாக் கட்டம் போட்டிருக்காரு. அது யாரு வண்டி?"

மல்சூன் ஆணியில் தொங்கிய அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டைக்காரரோடது," என்றாள். "அவர் குடிக்கல."