ஸ்விட்ச்சா, ரவுட்டரா?

"ஏம்மா, ஒரு ஸ்விட்ச் போட்டு இணைச்சா ஆகாதா?" என்றார் மேனேஜர் சுடலைராஜ்.

வடசென்னை விம்கோ நகரில் அந்தப் பம்பு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது ஷைனியின் வேலை. புருஷன் பென்னியும் அங்கேயேதான், மெஷின் ஷெட்டில். கம்பெனியை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பொங்கலிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. மூடினால் ஒரே நாளில் இரண்டு சம்பளமும் போகும்.

முதலாளி வாயைத் திறக்காத இடத்தில் தொழிலாளிக்கு ஜோசியம்தான் கதி. கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் நல்ல சகுனம். கேன்டீனில் உடைந்த பெஞ்சை மாற்றாமல் விட்டால் கெட்ட சகுனம். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஆலைகளுக்குப் பூட்டு விழுந்ததைப் பார்த்தவர்கள், வேறு எதை வைத்துக் கணிப்பார்கள்?

இந்த வாரச் சகுனம் ஷைனியின் கையில் வந்து விழுந்திருந்தது. ஆபீஸ் நெட்வொர்க் தனி, ஷெட் நெட்வொர்க் தனி. இரண்டையும் இணைக்க விலை குறைந்த ஸ்விட்ச் வாங்கலாமா, விலை கூடிய ரவுட்டர் வாங்கலாமா என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். "ஸ்விட்ச்சுன்னா இருக்கிற வரைக்கும் ஒப்பேத்துறான்னு அர்த்தம். ரவுட்டர்னா கம்பெனி இங்கதான் கீது," என்று பென்னி தீர்ப்பே எழுதிவிட்டான்.

அதனால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "ஒரே வூட்டு ஆளுங்க பேசிக்க ஸ்விட்ச் போதும் சார். இது ரெண்டும் வேற வேற வூடு. நடுவுல ரவுட்டர் நின்னாத்தான், எது போலாம், எது போவக்கூடாதுன்னு பார்த்து அனுப்பும்." எல்லாவற்றையும் ஸ்விட்ச்சில் ஒன்றாகக் கொட்டினால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரும் வைரஸ் நேரே மெஷினில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றும் பயமுறுத்தி வைத்தாள்.

சுடலைராஜ் தாடையைத் தடவினார். ஆபீசுக்கும் ஷெட்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருந்தால் தாங்குமா என்று கேட்டார். ஜன்னலிலிருந்து கல்லெறிந்தால் ஷெட் கூரையில் விழும். மனுஷன் ஒருநாளாவது அந்தப் பக்கம் நடந்திருந்தால்தானே தெரியும் என்று ஷைனி மனசுக்குள் திட்டிக்கொண்டாள். ஃபைபர் கேபிள் இழுத்துவிட்டால் அதுவும் தாங்கும் என்றாள்.

"சரி, ரவுட்டரே வாங்கிடுவோம். பத்து வருஷம் உழைக்கிற மாதிரி நல்லதாப் பார்த்துச் சொல்லு."

பத்து வருஷம் என்றதும் ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாதமாக வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை. அவள் படியிறங்குவதற்குள் சேதி ஷெட்டுக்குப் போய்விட்டது. யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கமில்லாத லேத் மெஷின் ஹபீபுல்லா பாய், அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

பென்னிக்கு எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஒரு வேலை கனிந்திருந்தது. சம்பளம் குறைச்சல்தான், ஆனால் நிலையான வேலை. வருகிறானா இல்லையா என்று உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"வேணான்னு சொல்லிடு. நம்ம பொழப்பு இங்கியே கீது," என்றாள் ஷைனி. அவள் எதிரிலேயே அவன் போன் போட்டு மறுத்தான். வேறு ஆளை எடுத்துக்கொள்வதாக அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ரவுட்டர் பெட்டி வந்து இறங்கியது. மாதாவை வேண்டிக்கொண்டு ஷைனி கத்தரிக்கோலை எடுத்தாள். மெஷினை நிறுத்திவிட்டு வந்த பென்னியும் ஹபீபுல்லா பாயும் ஆபீஸ் வாசலில் முகமெல்லாம் பல்லாக நின்றார்கள்.

சுடலைராஜ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பிரிக்காதம்மா. மெஷினோட சேர்த்து ஒரகடத்துப் புது ஃபேக்டரிக்கு ஏத்தணும்."