வாங்க வந்தவள்

ஒக்லஹோமாவில் என் துப்பாக்கிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரே சூட்டில் ஆளைச் சாய்ப்பது எது?

பள்ளி பஸ் ஓட்டும் லோரீன் மட்டும் கண்ணாடிப் பெட்டியையே வெறித்தபடி நின்றாள்.

"கைப்பையில வச்சுக்கவாம்மா? இந்த நைன் எம்.எம். துப்பாக்கியை எடுத்துக்க. எவனா இருந்தாலும் சுருண்டு விழுவான்."

"இதைவிடச் சின்னக் குண்டு இருக்குங்களா?"

"த்ரீ எய்ட்டி இருக்கு. வேகம் கம்மி."

"அதுக்கும் கீழே?"

"டுவென்டி டூ. முயல் சுடுறது. அது பட்டும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவன் இருக்கான்!" என்று சிரித்தேன்.

"அதையே குடுங்க."

வாசலில் நின்ற பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரைக் காப்பாத்திக்கத்தானே கேக்குற? அது எதுக்கும்மா உதவும்?"

"உசுருக்காகத்தாங்க கேக்குறேன்." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை அடிச்ச கேசுல, என் புருஷன் துப்பாக்கியைத் தொடக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அதான் என்னை உள்ளே அனுப்பிட்டு வண்டியில உக்காந்திருக்கார். சுடப் போறது அவருங்க. குண்டை வாங்கப் போறதுதான் நான்."