ஏகமனதாக

இனி ஞாயிற்றுக்கிழமையும் ஆன்லைன் வகுப்பு உண்டு என்று கல்லூரி முடிவெடுத்தது. அதற்கு எந்த ஆப்பை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு பேராசிரியர் சுருளிராஜன் தலையில் விழுந்தது. இரண்டை ஓட்டிப் பார்த்துவிட்டு மாணவர்களிடமே கேட்டார்.

“ரெண்டாவதுதான் சார்!” வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

“மொத ஆப்புல படமும் சத்தமும் தெளிவா இருக்கே. ரெண்டாவதுல அப்படி என்னத்தக் கண்டீக?”

முனீஸ்வரி மட்டும் வெள்ளந்தியாக எழுந்தாள். “எங்க மயிலாடும்பாறைப் பக்கம் அது எடுக்கவே எடுக்காது சார்.”

“ஏத்தா, எடுக்காத ஆப்ப வச்சு ஞாயித்துக்கிழமை எப்படிப் படிப்பீக?”

வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது.

சுருளிராஜன் யாரையும் திட்டவில்லை. ‘மாணவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது இரண்டாவது ஆப்’ என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மயிலாடும்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

அவருக்கும் வீடு அங்கேதான்.