குனிய வைத்த பலகை

பொன்னுதுரை வாசல் நிலையின் குறுக்கே, நெஞ்சு உயரத்தில், ஒரு பலகையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் அடித்த அடியில் காஜா பெராங் தெருவின் கோழிகள் அத்தனையும் பக்கத்து ஊரான புக்கிட் ரம்பாய்க்கே குடிபெயர்ந்துவிட்டன.

"என்னங்க இது? வீட்டுக்குள்ள மாடு கட்டப் போறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் மனைவி பூங்காவனம்.

"மாடு இல்ல. ஜப்பான்காரன் வரான்."

உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

"வாசல்ல வந்து அவன் குனியணும். கொஞ்ச நஞ்சம் இல்ல, இந்தப் பலகைக்குக் கீழ குனியணும்!" என்றார், வாயில் கடித்திருந்த ஆணிகளுக்கு நடுவே.

விஷயம் இதுதான். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து வருஷம் திரும்புவதற்குள் பண்டார் ஹிலிரில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக்கடை திறந்துவிட்டது. தொலைபேசியில் சொன்னால் போதும், வீட்டுக்கே சைக்கிளில் கொண்டுவருவார்களாம். ஆட்களுக்கு உடுப்பு, தொப்பி எல்லாம் அசல் ஜப்பான் தினுசாம். வாசலில் குனிந்து வணங்கிவிட்டுத்தான் சாப்பாட்டை நீட்டுவார்களாம்.

'குனிந்து' என்ற அந்த ஒரு சொல்லில் பொன்னுதுரையின் தூக்கம் போயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் அவர் குனிந்த குனிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் லேடாங் மலையே அண்ணாந்து பார்க்கும். பாலத்துக் காவல்காரனுக்குச் சரியாகக் குனியவில்லை என்று பூங்காவனத்தின் கண்ணெதிரே கன்னத்தில் வாங்கினார். அடுத்த வாரமே லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடும் கேம்ப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாதி ஆளாகத் திரும்பி வந்தவர் நடுத்தெருவில் நின்று சபதம் போட்டார். ஒரு ஜப்பான்காரனாவது தன் வாசலில் குனியாமல் தன் கட்டை வேகாது. அன்றிலிருந்து காலையில் காப்பி குடிக்காமல் இருந்தாலும் இருப்பார். சபதத்தைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

தெருவில் தொலைபேசி இருந்த ஒரே இடம் ரஹீமின் மளிகைக்கடை.

"பாய், சாப்பாடு என்னவா வேணா இருக்கட்டும். ஆனா ஜப்பான்காரனே தூக்கிட்டு வரணும். அழுத்திச் சொல்லுங்க."

ரஹீம் மலாயில் பேசினார். அவர் சொன்னதற்கெல்லாம் மறுமுனை ஜப்பான் பாஷையில் ஆமாம் போட்டு "ஹாய், ஹாய்" என்றது.

"கேட்டீங்களா! அசல் சரக்கு!" என்று பொன்னுதுரை கையைத் தேய்த்துக்கொண்டார்.

"மீனைப் பச்சையாத்தான் அனுப்புவாங்களாம். பரவாயில்லையாண்ணே?"

"அதை எவன் பாய் திங்கப் போறான்? நாய்க்கு வீசுவேன். அதையும் அவன் பாத்துட்டுத்தான் போகணும்."

ரஹீம் தொலைபேசியை வைத்தார். "அந்தக் கடைக்குத் தினம் நம்ம கடையிலேருந்துதான் வெத்தலை போகுது, தெரியுமா?"

"பாருங்க பாய் கொழுப்பை! நாட்டைத்தான் சுரண்டினான்னா, நம்ம வெத்தலையையும் விட்டு வைக்கல!"

சாயங்காலத்துக்குள் பூங்காவனத்தின் கொண்டை பலகையில் இடித்து இடித்து அவிழ்ந்தே போயிற்று.

"ஜப்பான்காரன் குனியிறதுக்குள்ள நான் குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சிடும் போல. அன்னிக்கு அறஞ்சவன்கிட்ட வாயைத் தொறக்கல, இன்னிக்குச் சோறு கொண்டாரவன்கிட்ட வீரமா?"

"வாயை மூடு! இன்னிக்கு நான் கண்ணால பாக்கணும். அவன் முதுகை நான் பாக்கணும்."

கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, பலகைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, சுல்தான் போல உட்கார்ந்தார். "பகேரோ!" என்று ஒருமுறை உறுமிப் பார்த்தார். ஜப்பான்காரனிடமே வாங்கிய திட்டு. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து இன்று திருப்பிக் கொடுக்கப் போகிறார். வேலியோரம் பாதித் தெரு கூடிவிட்டது.

சைக்கிள் மணி அடித்தது.

காக்கி உடுப்பு. கையில் டிபன் கேரியர். பிடரியை மறைத்துத் துணி தொங்கும் அந்த ஜப்பான் சிப்பாய்த் தொப்பி. அதன் நிழலில் முகம் சரியாகத் தெரியவில்லை. வந்தவன் படியேறி நின்றான்.

பொன்னுதுரை எழுந்தார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

தொப்பியைப் பார்த்தார்.

கைகள் இரண்டும் தாமாகத் தொடையில் ஒட்டிக்கொண்டன. இடுப்பு மடிந்தது. கோட்டின் தையல் பிரிந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. அவர் தலை பலகைக்கு அடியில் புகுந்து வெளியே நீண்டது. சபதம் போட்டது வாய். முதுகைக் கேட்டா போட்டது?

வந்தவனும் கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். அவன் தலை அதே பலகைக்கு அடியில் புகுந்து உள்ளே நீண்டது. இரண்டு மண்டைக்கும் நடுவே ஒரு கொசு பறக்கத்தான் இடம் இருந்தது.

எதிரில் நிற்பவன் நிமிரும் முன் நிமிர்ந்தால் அறை விழும். அந்தக் காலத்துச் சட்டம் அது. பொன்னுதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டு அறைக்காகக் காத்திருந்தார்.

அறை வரவில்லை. வந்தவனும் நிமிரவில்லை.

"ஐயோ, ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் நிமிருங்களேன்!" என்று அலறினாள் பூங்காவனம்.

பொன்னுதுரை மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே இரண்டு கைகள், தன் கைகளைப் போலவே, தொடையோடு ஒட்டியிருந்தன. குப்பென்று வெற்றிலை வாசம் அடித்தது.

வந்தவன் தலையைத் தூக்காமலே, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டான்.

"நீங்க எந்தக் கேம்ப்புண்ணே?"