ஆறு பத்துக்கு

கேலரியின் கீழ்ப்படியில் சுயம்புலிங்கம் சார், கையில் ஸ்டாப்வாட்ச். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஊர் திரும்பியவர். அவருக்கு இரண்டு படி மேலே, நடைப்பயிற்சி முடித்த பேச்சியம்மாளும் ரெஜினா டீச்சரும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால் நீட்டியபடி.

ஓட வந்தவள் மட்டும் உட்காரவில்லை.

சுண்ணாம்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று கிலோமீட்டர் மெதுவோட்டம் முடிந்திருந்தது. இனி நானூறு மீட்டர், ஆறு தடவை, உள்ள வேகத்தையெல்லாம் கூட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிட நடை.

அவள் தொடங்கவில்லை. மைதானத்தின் கேட்டைப் பார்த்தபடி நின்றாள்.

காலை மணி ஆறு.

வேர்வை காய்ந்தது. கால் இறுகியது.

ஆறு பத்துக்குப் புறப்பட்டாள்.

நான்காவது சுற்றிலேயே கால் பின்னியது. ஆறாவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. சார் வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, இருக்கிற சத்தையெல்லாம் முதல்லயே ரோட்டுல கொட்டிட்டு, பத்து நிமிசம் சிலையாட்டம் நின்னு ஆறப்போட்டு, அதுக்கும் பொறவு வேகம் கேட்டா காலு எங்க போவும்? உடம்பு சூடானதும் வேகத்த வை. மெதுவா ஓடுறதக் கடைசிக்கு வச்சுக்கோ. இப்படித் தலைகீழா ஓடச் சொல்லி எவன் சொன்னான் ஒனக்கு?”

பதில் மேல்படியிலிருந்து வந்தது.

“எவன் சொன்னான்னு கேக்காதீய. எவளுக்காகன்னு கேளுங்க சார்,” என்றாள் பேச்சியம்மாள். “பேக்கரிக்காரி வருவான்னுல்லா நிக்கா. அவ துப்பாக்கி தூக்கப் போயி அஞ்சு மாசம் ஆச்சு. இவ இங்க கேட்டுக்குக் காவல்.”

ரெஜினா டீச்சர் சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள்.

ஊரில் இருந்தவரை செல்வக்கனிக்கு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை. நடுராத்திரியில் போனால் காலை ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். மாவு ஒட்டிய கையோடு ஆறு பத்துக்கு கேட்டுக்குள் நுழைவாள். அதனால் தனியாக ஓடக்கூடியதை இவள் முதலில் ஓடி முடித்துவிடுவாள். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஓட வேண்டியதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள்.

பயிற்சி இப்படித்தான் அமைந்தது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

போன துணை ராணுவத் தேர்வில் ஆயிரத்து அறுநூறு மீட்டரைக் கனி எட்டரை நிமிடத்துக்குள் ஓடிவிட்டாள். இவள் பதினோரு விநாடி பிந்தினாள்.

இந்த மாதக் கடைசியில் அடுத்த தேர்வு. வயது வரம்புப்படி இவளுக்கு அதுதான் கடைசி.

மறுநாள் ஐந்தரைக்கு மைதானத்தை இரண்டு சுற்று மெல்ல வந்தாள். நிற்கவில்லை. கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானூறுகளைத் தொடங்கினாள்.

ஆறு மணிக்கெல்லாம் ஆறும் முடிந்துவிட்டன.

ஆறு பத்துக்கு அவள் கோவில்பட்டி பைபாஸில் மெதுவோட்டத்தில் இருந்தாள். தார் ரோட்டில் காலடிச் சத்தம். ஒரே ஒரு ஆளின் சத்தம்.

மூன்றாவது வாரம் சார் வாட்சை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எட்டு இருபத்திரண்டு.

“இத அப்படியே தேர்வன்னைக்கும் ஓடிட்டு வா தாயி. போதும்.”

வீடு வரைக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான். அவளுக்கு போன் போட முடியாது. பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அன்று மதியம் கனியின் கடிதம் வந்தது.

முழங்காலில் வீக்கம். புரியாத பாஷையில் வசவு. ரொட்டி என்ற பேரில் ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்:

‘இங்கே தினமும் ஓட்டத்தில் ஒரு இடத்தில் இனி முடியாது என்று ஆகிவிடும். அப்போது மணி பார்ப்பேன்டீ. ஆறு பத்து ஆகியிருக்கும். நீ கோட்டில் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைப்பேன். கால் தானாகப் போகும். இன்னும் நிற்கத்தானே செய்கிறாய்?’

இரண்டு முறை படித்தாள்.

இன்லண்ட் லெட்டரை விரித்துத் தேதி போட்டாள். ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்கு உப்புத் தண்ணீர் ஒத்தடம். பேக்கரியில் கனி இடத்துக்கு வந்த பெண் ரொட்டியைக் கீழே போட்டது. பேச்சியம்மாள் வாய் இன்னும் அடங்காதது.

8.22 என்று எழுதி அடியில் கோடு போட்டாள். எப்படி வந்தது என்று எழுதவில்லை.

அந்தக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. தாளிலும் ஒரு வரிக்குத்தான் இடம்.

பேனாவை மூடினாள். திறந்தாள்.

‘நிற்கிறேன் கனி. தினமும்.’

மடிப்புகளை நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள். முகவரியை இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

தபாலாபீஸ் பெட்டியை நாலு மணிக்குத் திறப்பார்கள். மூன்றரைக்கே போய்விட்டாள். கடிதத்தை உள்ளே விட்டபிறகும், பெட்டியின் வாயிலிருந்து விரல்களை எடுக்காமல் நின்றாள்.